சென்னையிலிருந்து தீவுச் சுற்றுலா: அந்தமானா, இலங்கையா, மாலத்தீவா?

தீவுக்குப் போகலாம் என்று ஒரு வீட்டில் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இப்படித்தான் போகும். பிள்ளைகள் மாலத்தீவு என்பார்கள். அப்பா அந்தமான் என்பார், பாஸ்போர்ட் வேண்டாமே என்று. இலங்கை பக்கத்திலேயே இருக்கிறதே என்று யாராவது ஒருவர் சொல்வார். அடுத்து பட்ஜெட் கணக்கு ஆரம்பமாகிவிடும். என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது பணத்தைப் பற்றி இல்லை: உங்களுக்கு லீவு எந்த மாதம்?

நமக்குப் பள்ளி விடுமுறை வரும் மாதங்களும் சுற்றியுள்ள கடல்களில் மழை பெய்யும் மாதங்களும் அடிக்கடி மோதிக்கொள்கின்றன. ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்தால் ஜூன் தொடக்கம் வரை கோடை விடுமுறை. செப்டம்பர் கடைசியில் காலாண்டு. டிசம்பர் கடைசியில் அரையாண்டு. ஜனவரி நடுவில் பொங்கல். இந்த நான்கு விடுமுறைக்கும் பொருந்தும் தீவு என்று ஒன்று கிடையாது. பொங்கலுக்குக் கண்ணாடியாகக் கிடக்கும் கடல், மே கடைசியில் படகையே எடுக்கவிடாது. மாதத்தைப் பார்க்காமல் தீவைத் தேர்ந்தெடுத்தால், எவ்வளவு செலவழித்தாலும் அறைக்குள் உட்கார்ந்து மழையைப் பார்க்க வேண்டியதுதான்.

முதலில் மாதம்

கோடை விடுமுறையை எடுத்துக்கொள்வோம், சென்னையிலிருந்து அதிகம் பேர் கிளம்புவது அப்போதுதான். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வருவதற்கு முன்பே அந்தமான் கடலுக்கு வந்துவிடும். வழக்கமாக மே 20-ஐ ஒட்டி. 2025-ல் மே 13 அன்றே வந்துவிட்டது. ஆகவே ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும் அந்தமானுக்குச் சரி. வெயில் இருக்கும், ஆனால் கடல் அமைதியாக இருக்கும், தண்ணீருக்குள் பார்வை நன்றாகத் தெரியும். மே பாதியைத் தாண்டிவிட்டால் நான் அந்தமானைப் பரிந்துரைக்க மாட்டேன். மாலத்தீவிலும் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுதான். தினமும் மழை என்று இல்லை, ஆனாலும் காற்றும் அலையும் கூடுதலாக இருக்கும். ரிசார்ட் விலை குறைவதற்கும் அதுதான் காரணம்.

மே, ஜூன் மாதங்களில் நமக்கு அருகில் நல்ல கடல் எங்கே? இலங்கையின் கிழக்குக் கரையில். அந்தச் சின்னத் தீவுக்கு இரண்டு பருவங்கள். தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை காலி, மிரிஸ்ஸ, பெந்தோட்டைப் பக்கம் கடல் கொந்தளிக்கும். நடுவில் இருக்கும் மலைநாடு மழையை வாங்கிக்கொள்வதால் திருகோணமலை, பாசிக்குடா, அறுகம் குடாப் பக்கம் வெயிலும் அமைதியான கடலுமாக இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை கிழக்கை நனைக்கும். டிசம்பர் நடுவிலிருந்து தெற்குக் கரையும் மேற்குக் கரையும் தெளிந்துவிடும். எந்த விடுமுறையானாலும் இலங்கையில் ஏதோ ஒரு கரை திறந்திருக்கும் என்றே சொல்லலாம். அக்டோபரும் நவம்பரும்தான் விலக்கு, அப்போது இரண்டு பக்கமும் மழை வரும்.

இது தெரியாமல் மே மாதத்தில் பெந்தோட்டையில் ஹோட்டல் போட்டுவிட்டு, சிவப்புக் கொடி நட்ட கடலைப் பார்த்துத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஹோட்டல் படத்தில் கடல் எப்போதும் நீலமாகத்தான் இருக்கும், எந்த மாதம் எடுத்த படம் என்று யாரும் போடுவதில்லை.

அரையாண்டு விடுமுறைக்கு வருவோம். டிசம்பர் முதல் பாதியில் அந்தமான் கடலை நம்ப முடியாது, நம் புயல்களில் பல உருவாகும் இடமே அதுதான். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையை மரங்களோடு சாய்த்த வர்தா புயலை மறந்திருக்க மாட்டீர்கள். அது நமக்கு வருவதற்குச் சில நாள் முன்பு, காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தபோதே, அந்தமானின் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் படகில்லாமல் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டுவந்தன. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வானம் பெரும்பாலும் தெளிந்துவிடும், ஆனால் கூட்டமும் விலையும் உச்சத்தில் நிற்கும். பொங்கல் வாரம் அப்படியில்லை. அந்தமான், தென் இலங்கை, மாலத்தீவு மூன்றும் ஒரே நேரத்தில் நன்றாக இருக்கும் காலம் அது. அலுவலகத்தில் நான்கைந்து நாள் சேர்த்து லீவு கிடைக்குமென்றால் தீவுக்கு அதைவிட நல்ல வாரம் கிடையாது.

அந்தமான்: பாஸ்போர்ட் வேண்டாம், திட்டம் வேண்டும்

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான விமானப் பயணம். 2024 செப்டம்பரில் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம். ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் தீவு, நீல் ஷாகித் தீவு. இந்த இரண்டும் 2018-ல் மாறியவை. பேச்சு வழக்கில் பழைய பெயர்தான் ஓடுகிறது.

கப்பலிலும் போகலாம். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 60 மணி நேரம். ஆனால் புறப்படும் தேதிகள் நிலையாக இருப்பதில்லை, அவ்வப்போதுதான் அறிவிப்பார்கள். போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்ள நேரம் உள்ளவர்களுக்கு நல்ல அனுபவம். ஒரு வார லீவில் போகும் குடும்பத்துக்கு ஒத்துவராது.

அந்தமானின் பெரிய வசதி, சட்டென்று கிளம்பலாம் என்பது. ஆதார் போதும், நம் ரூபாய், நம் போன் நம்பர். தமிழ் பேசுவோர் போர்ட் பிளேரில் நிறைய இருக்கிறார்கள். வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது, இட்லி தோசைக்குப் பஞ்சமில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் போய்ச் சேர்ந்த பிறகு இணையமும் முன்னைவிட எவ்வளவோ தேவலை. இருந்தாலும் ஹேவ்லாக்கிலும் நீலிலும் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பயணத்தை நகர்த்துவது ஃபெர்ரி. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அரசுப் படகில் இன்னும் கொஞ்சம் கூடுதல். கடல் சரியில்லை என்றால் எல்லாமே ரத்து. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே போர்ட் பிளேர் வந்து தங்கிவிட வேண்டும். காலையில் நீலிலிருந்து படகு, மதியம் விமானம் என்று போட்டுத் தரும் பேக்கேஜை வாங்காதீர்கள். ஒரு படகு நின்றால் நான்கு பேரின் விமான டிக்கெட்டும் போய்விடும்.

பலர் கவனிக்காத இன்னொன்று, சூரியன். அந்தமான் நமக்குக் கிழக்கே 1,000 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது, ஆனால் கடிகாரம் நம்முடையதுதான். ஜனவரியில் ஐந்தே கால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் அந்தி பார்க்க வேண்டுமென்றால் நான்கு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மதியம் தூங்கி எழுந்து, டீ குடித்து, நிதானமாகக் கிளம்பும் சென்னைப் பழக்கத்தோடு போனால் இருட்டில்தான் போய் நிற்போம். காலை ஐந்தரைக்கு எழுந்து மாலை ஆறுக்கு நாளை முடித்துக்கொள்வதே அங்கு சரிப்படும்.

நீல் தீவைப் பலர் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். அது பெரிய இழப்பு. லட்சுமண்பூர் பக்கத்தில் இயற்கையாக அமைந்த கல் பாலம் ஒன்று இருக்கிறது. கடல் வற்றியிருக்கும் நேரத்தில்தான் நடந்து போக முடியும். அப்போது பாறைக் குழிகளில் கணுக்கால் அளவுத் தண்ணீர் தேங்கியிருக்கும். குனிந்து பார்த்தால் ஒரு குழியில் கடல் அட்டை, அடுத்த குழியில் நட்சத்திர மீன், விரல் நுனி அளவு நண்டு ஒன்று கல்லுக்கு அடியில் ஒதுங்கும். உள்ளூர் வழிகாட்டி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போவார். நீச்சல் தெரியாத, படகிலேறத் தயங்கும் என் அம்மா கடல் உயிர்களைக் கிட்டத்தில் பார்த்தது அங்கேதான். பாறை வழுக்கும், செத்த பவளம் காலைக் கிழிக்கும், ரப்பர் ஷூ போட்டே நடக்க வேண்டும். அன்றைக்குக் கடல் எப்போது வற்றும் என்று முதல் நாள் இரவே ஹோட்டலில் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள். ஒரு சிப்பியைக்கூட எடுத்துவராதீர்கள். சட்டப்படியும் தடை, விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவைத்துவிடுவார்கள்.

பாராடாங் சுண்ணாம்புக் குகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டை ஊடுருவிப் போகிறது. வண்டிகள் அணியாகத்தான் போக வேண்டும், நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. குகையைப் பார்க்கப் போகலாம். ‘வழியில் பழங்குடியினரைப் பார்க்கலாம்’ என்று விற்கும் ஏஜென்டிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள், அவர்கள் காட்சிப் பொருள் இல்லை. சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த நாளை செல்லுலார் சிறைக்கும் ராஸ் தீவுக்கும் கொடுங்கள். 1906-ல் கட்டி முடித்த அந்தச் சிறையின் ஏழு கிளைகளில் இன்று நிற்பவை மூன்றுதான். அறைக்குள் நின்று கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தாலே போதும், உள்ளே இருப்பவர் கைக்கு எட்டாத தூரத்தில் சுவருக்குள் புதைத்து வைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடம் அங்கே தானாகப் புரியும்.

இலங்கை: பல வயதுக்காரர்கள் சேர்ந்து போவதென்றால்

தாத்தா பாட்டி, நடுவயதினர், கல்லூரிப் பிள்ளை, குழந்தை என்று எல்லோரும் கிளம்பினால் என் ஓட்டு இலங்கைக்கு. கொழும்பு ஒன்றரை மணி நேரத்துக்குள். வேன் ஒன்றை ஓட்டுநரோடு எடுத்துக்கொண்டால் வீட்டு வாசலில் ஏறி ஹோட்டல் வாசலில் இறங்கும் பயணம். படகு ஏற வேண்டிய கட்டாயமே இல்லை. மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அந்தமானிலும் மாலத்தீவிலும் ஆடும் படகுக்கும் நிற்கும் மேடைக்கும் நடுவே கால் வைத்துத் தாண்ட வேண்டியிருக்கும்.

கோடையில் திருகோணமலை போகிறவர்கள் கொழும்பிலிருந்து சாலையில் ஆறு மணி நேரம் போலக் கணக்கு வையுங்கள். ஒரே மூச்சில் போகாமல் நடுவில் தம்புள்ளை அல்லது சிகிரியாவில் ஓர் இரவு தங்கினால் நல்லது. நான் விரும்பும் வழி வேறு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு நேரடி விமானம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் இருந்து நல்லூர் பார்த்துவிட்டு, அப்படியே தெற்கே இறங்கித் திருகோணமலை போனால் கொழும்பைத் தொட வேண்டியதில்லை. போகும் வழி முழுக்கத் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலும் உண்டு, ஏறக்குறைய நான்கு மணி நேரம். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், அதனால் கோடைக்கு மட்டும் யோசியுங்கள்.

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளி இரண்டும் நீண்ட, சரிவு குறைந்த மணல் கரைகள். நல்ல நாளில் குழந்தைகள் இடுப்பளவுத் தண்ணீரில் மணிக்கணக்காக விளையாடலாம். நிலாவெளியிலிருந்து படகில் சிறிது நேரத்தில் புறாத் தீவு. தேசியப் பூங்கா என்பதால் உள்ளே போகக் கட்டணம் உண்டு. பவளத் திட்டு கரைக்கு மிக அருகிலேயே இருக்கிறது. மாஸ்க் போட்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் கிளி மீன்களும், அதிர்ஷ்டம் இருந்தால் முதுகுத் துடுப்பில் கறுப்பு நுனி வைத்த சின்னச் சுறாவும் தெரியும். அந்தச் சுறா மனிதரைக் கண்டால் விலகிப் போகும் ரகம். காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம் பவளத்தின் மேலேயே ஏறி நிற்கிறது. அதைப் பார்ப்பது வேதனை.

மாலையில் கோணேசர் கோயில். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் செங்குத்துப் பாறையின் உச்சியில் நிற்கிறது. சம்பந்தர் பாடிய தலம். பாட்டிக்குக் கோயில், பேரனுக்குக் கீழே தெரியும் கடல், இருவரும் ஒரே இடத்தில் நிறைவோடு நிற்பார்கள். மறுநாள் காலை இடியாப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். சைவம் சாப்பிடுகிறவர்கள் சொதியிலும் சம்பலிலும் மாசிக் கருவாடு போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

பண விஷயத்தில் இலங்கை நமக்குத் தோது. நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து யுபிஐ-யும் ஏற்கிறார்கள், ஆனால் எல்லாக் கடையிலும் இருக்காது. இந்தியர்களுக்கான விசா விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன. ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாமல் இலங்கை அரசின் இடிஏ (இணையவழிப் பயண அனுமதி) தளத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளுடைய பாஸ்போர்ட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், ஐந்து வருடத்தில் காலாவதியாகும் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

மாலத்தீவு: இரண்டு விதமான ஊர்

மாலத்தீவு என்றாலே லட்சக்கணக்கில் என்று நினைப்பவர்கள் ரிசார்ட்டை மட்டும் மனதில் வைத்திருக்கிறார்கள். மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அனுமதி கிடைத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. மாஃபுஷி, துலுஸ்தூ, உகுல்ஹாஸ், திகுரா போன்ற தீவுகளில் நடுத்தரக் குடும்பமும் தங்க முடியும். ஆனால் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ரிசார்ட் என்றால் ஒரு தீவு முழுக்க ஒரு ஹோட்டல். போய் இறங்கினால் வெளியே கடை, ஹோட்டல் எதுவும் கிடையாது. ஒரு பாட்டில் தண்ணீர் முதல் சாப்பாடு வரை அவர்கள் வைத்ததுதான் விலை. கடல் விமானத்தில் போக வேண்டிய ரிசார்ட் என்றால் போக வர ஆளுக்கு 400 டாலருக்கு மேல் அதற்கே ஆகலாம். ஆகவே அறை வாடகையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். மூன்று வேளைச் சாப்பாடு, படகு அல்லது கடல் விமானம், வரிகள் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். சுற்றுலா வரி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம். பசுமை வரி தனி. ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், மக்கள் தீவிலுள்ள சிறிய கெஸ்ட் ஹவுஸில் 6 டாலர். நான்கு பேர் நான்கு இரவு தங்கினால் பசுமை வரி மட்டும் ரிசார்ட்டில் 192 டாலர், கெஸ்ட் ஹவுஸில் 96 டாலர்.

மக்கள் தீவில் வேறு விதிகள். முழு முஸ்லிம் நாடு, மது கிடையாது. நீச்சலுடைக்கென்று கடற்கரையில் தனிப் பகுதி ஒதுக்கியிருப்பார்கள், தெருவில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வெள்ளிக்கிழமை பெரும்பாலும் அரசுப் படகு ஓடாது. காலை உணவுக்கு மாஸ் ஹுனி கிடைக்கும். துருவிய தேங்காயும் சூரை மீனும் வெங்காயமும் எலுமிச்சையும் கையால் பிசைந்து, சப்பாத்தி போன்ற ரோஷியோடு தருவார்கள். மீன் சாப்பிடுகிற நம் வீட்டு நாக்குக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போகும். சைவர்களுக்குத்தான் கஷ்டம். முன்கூட்டியே சொல்லிவைத்தால் பருப்பும் சோறும் செய்து தருவார்கள், இருந்தாலும் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் பையில் இருக்கட்டும்.

ஒரு முக்கியமான விஷயம். வழிபாட்டுச் சிலைகளை மாலத்தீவுக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. கைப்பையில் எப்போதும் சின்னப் பிள்ளையார் வைத்திருக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய, அதை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மதுவும் கொண்டுபோகக் கூடாது, வழியில் டியூட்டி ஃப்ரீயில் வாங்கியதானாலும் சரி. இ-சிகரெட்டுக்கும் தடை.

விசா பற்றிக் கவலை வேண்டாம், இறங்கியதும் இலவசமாகத் தருவார்கள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமூகா’ என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

கடலுக்குள் இருப்பதைப் பார்ப்பதற்கென்றே போகிறீர்கள் என்றால் மூன்றிலும் மாலத்தீவுதான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திகுரா இருக்கும் தெற்கு ஆரி பவளத் தீவுக்கூட்டத்தில் வருடம் முழுக்கத் திமிங்கலச் சுறா வருகிறது. பா பவளத் தீவுக்கூட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடாவில் ஜூன் முதல் அக்டோபர் வரை மான்டா திருக்கைகள் கூட்டமாக வரும். மழைக்காலமே அங்கு நல்ல காலமாக மாறும் அபூர்வமான இடம் அது. புதுமணத் தம்பதிகளுக்கும் மாலத்தீவு சரி. ஆனால் நாளுக்கு ஒரு ஊர், கோயில், கடைத்தெரு, ஷாப்பிங் என்று சுற்றிப் பழகியவர்களுக்கு மூன்றாம் நாளே சலித்துவிடும். தீவு ஒன்றைச் சுற்றி நடக்க அரை மணி நேரம்கூட ஆகாது. உங்கள் வீட்டுக்காரர்கள் எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியும்.

மற்றவை சுருக்கமாக

லட்சத்தீவு மனதை இழுக்கும், ஆனால் இந்தியர்களுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். கொச்சி போய் அங்கிருந்து விமானம் அல்லது கப்பல், தங்கும் இடங்களும் குறைவு. மூன்று மாதம் முன்பே திட்டமிட முடிந்தவர்களுக்கு, அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரை நல்ல காலம். பாலித் தீவுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம் என்பதால் காலாண்டு விடுமுறைக்கும் மே மாதத்துக்கும் ஒத்துவரும். பயண நேரமும் செலவும் கூடும், ஐந்து நாள் லீவுக்குக் கட்டாது. மலேசியாவின் லங்காவி போக நினைப்பவர்கள் பினாங்கு வழியாகப் போனால் பினாங்கில் தமிழ்ச் சாப்பாடும் கோயில்களும் போனஸ்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்

சென்னையில் கடலோரத்திலேயே வளர்ந்தும் நம்மில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது, மெரினா நீந்துவதற்கான கடலும் இல்லை. எந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தாலும், கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போதே ஒரு நீச்சல் குளத்தில் சேருங்கள். முழுசாக நீந்தக் கற்க முடியாவிட்டாலும், முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து வாயால் மூச்சு விடப் பழகினாலே போதும். ஸ்நார்கலிங்கில் பயந்து முதல் நிமிடத்தில் எழுந்துவிடுபவர்களுக்குப் பிரச்சினை அங்கேதான். குளத்திலேயே மாஸ்க் போட்டுப் பழகிவிட்டால், பவளத் திட்டின் மேல் மிதக்கும்போது மனம் மீனைப் பார்க்கும்.

லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டாத படகில் ஏறாதீர்கள், ‘பக்கத்துலதான் சார்’ என்று சொன்னாலும். சிவப்புக் கொடி இருந்தால் கால்கூட நனைக்க வேண்டாம். அந்தமானில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடங்களில் அது சும்மா வைத்தது இல்லை.

ஸ்கூபாவுக்குப் பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை இருந்தால் முன்பே மருத்துவரைக் கேளுங்கள், படகில் போய்ப் படிவத்தில் பொய் எழுத வேண்டாம். டைவ் செய்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானத்தில் ஏறக் கூடாது, உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். ஆகவே டைவை பயணத்தின் முதல் பாதியில் வையுங்கள், கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்.

சன்ஸ்கிரீனை அப்பிக்கொள்வதைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல். முதுகு எரியாது, பவளத்துக்கும் கெடுதல் இல்லை, நம் வீட்டுப் பெண்களுக்கும் கூச்சமில்லாமல் இருக்கும். படகில் வாந்தி வருபவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. என்ன மாத்திரை என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டு ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

எதை முதலில் புக் செய்வது

மூன்றுக்கும் வரிசை வேறு. அந்தமானுக்கு விமானம் முதலில், உடனே ஃபெர்ரி, கடைசியில் ஹோட்டல். சீசனில் படகு டிக்கெட் தீர்ந்துவிட்டால் ஹோட்டல் இருந்தும் பயனில்லை. இலங்கைக்கு விமானமும் வேன் ஓட்டுநரும் முடிவானால் போதும், தங்கும் இடத்தை ரத்து செய்யும் வசதியோடு பின்னால் போட்டுக்கொள்ளலாம். ஓட்டுநரின் தங்குமிடமும் சாப்பாடும் வாடகைக்குள் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு தொகையை வரியாக முன்கூட்டியே பிடிப்பார்கள். ரசீதை வைத்திருந்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

மாலத்தீவுக்கு மட்டும் தலைகீழ். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஹோட்டலுக்கு எழுதி, தங்கள் தீவுக்குக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு மாலேயில் இறங்கினால் அன்றைக்கு அதைப் பிடிப்பது சந்தேகம், விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு தங்க வேண்டிவரும். அங்கே ரிசார்ட்டில் ஓர் இரவுக்கான பணமும் வீணாகும். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லாத நாளில் பெங்களூரு அல்லது கொழும்பு வழியாகப் போவதாக இருந்தால், மலிவான மாலை இணைப்பை விட்டுவிட்டு, விடியற்காலை கிளம்பி மதியத்துக்குள் மாலே சேரும் டிக்கெட்டையே எடுங்கள்.